சத்தம் போடாத குட்டி

தமிழ்ப்பள்ளியில் ‘என் செல்லப் பிராணி’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் நன்றியுள்ள நாயைப் பற்றித்தான் எழுதுவோம். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் மலாய்மொழிக் கட்டுரையில் என் நாய் பூனையாக மாறியது. யாரும் மாற்றச் சொல்லவில்லை. எல்லாரும் பூனையை எழுதினார்கள், நானும் எழுதினேன். அப்போது இரண்டுமே என்னிடம் தாளில் மட்டும்தான் இருந்தன. பிறகு இரண்டையும் உண்மையாகவே வளர்த்துப் பார்த்துவிட்டேன். அந்தத் தகுதியில் (சிரிக்க வேண்டாம்) ஒரு கருத்தைச் சொல்ல வருகிறேன்.

வளாகத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “நாய்க்குட்டின்னா கஷ்டம். பூனைக்குட்டி தானா வளர்ந்துடும்.” முதல் பாதியை நான் மறுக்கமாட்டேன்.

நான் இரண்டாம் படிவத்தில் படிக்கும்போது அப்பா லாரிப் பட்டறையிலிருந்து ஒரு நாய்க்குட்டியைக் கொண்டு வந்தார். முதல் மூன்று இரவுகள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடவேண்டும். கொஞ்சம் அசந்தால் பாயில் ஈரம். திங்கட்கிழமை சபைகூடலுக்காகத் துவைத்து வைத்திருந்த வெள்ளைக் காலணியில் ஒன்று ஞாயிறு இரவே கந்தலாகிவிட்டது. பார்வோ நோய்க்குப் பயந்து, தடுப்பூசிகள் எல்லாம் முடியும்வரை, அதாவது நான்கு மாதம் ஆகும்வரை, அதைச் சாலையில் இறக்கவில்லை. ஊராட்சி மன்றத்தில் உரிமம் எடுத்தோம். எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தார் தொழுகைக்குப் புறப்படும் நேரத்தில் அப்பா அதைப் பின்பக்கம் கட்டிவிடுவார். சோறு வைக்க அரைமணி தாமதமானால் போதும், தாமான் முழுக்கக் கேட்கும்படி ஊளையிடும். நாங்கள் நல்லவர்களாக இருந்ததால் அது வளரவில்லை. எங்களைச் சும்மா இருக்க விடாததால் வளர்ந்தது.

பூனைக்குட்டி வந்தது பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில். உணவகத்தின் பின்புறம் கிடந்ததை வாடகை வீட்டுக்குத் தூக்கி வந்தோம். வீட்டில் நான்கு பேர். முதல் நாளே மணல் தட்டை எதற்கென்று அதற்குத் தெரிந்திருந்தது! சாப்பிட்டது, தூங்கியது, மடியில் ஏறி உறுமியது. செலவே வைக்காத பிள்ளை என்று பெருமைப்பட்டோம். வெளியே போகாத பூனைக்கு எதற்கு ஊசி என்று சொன்னதும் நான்தான்.

தவணை இடைவிடுமுறையில் மூவர் ஊருக்குப் போனோம். மீதமிருந்த தோழி பகலெல்லாம் பகுதிநேர வேலையில். திரும்பி வந்தபோது கிண்ணத்தில் உணவு அப்படியே இருந்தது. வயிறு நிறைந்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள்தான் துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் அதைக் கண்டுபிடித்தோம். மூக்கு அடைத்து, கண்கள் ஒட்டி, ஒரு கையில் அடங்கும் எடையில் இருந்தது.

கால்நடை மருத்துவர் திட்டவில்லை, விளக்கினார். பூனை வாசனையை வைத்துத்தான் சாப்பிடும், சளியில் மூக்கு அடைத்தால் உணவைத் தொடாது. நோய் வந்தால் ஒளிந்துகொள்ளும். பூனைச் சளிக் கிருமி நம் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வரும். வீட்டில் மிச்சமிருந்த நாயின் உண்ணி மருந்தை இதற்கும் போடலாமா என்று கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. நாய்க்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனையைக் கொன்றுவிடும். ஒரு வாரம் மீனை வேகவைத்து மசித்து, வாசம் எழும்படி இளஞ்சூட்டில், ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்டினோம். கல்விக் கடன் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போனது. குட்டி பிழைத்தது. இடது கண்ணில் மட்டும் இன்னும் நீர் வடிகிறது.

உழைப்பை மணிக்கணக்கில் அளந்தால் நாய்க்குட்டிக்கே வேலை அதிகம். ஆனால் நாயிடம் நாம் தவறினால் அக்கம்பக்கத்துக்கே தெரிந்துவிடும். பூனையிடம் தவறினால் யாருக்கும் தெரியாது. கேட்காமல் கவனிப்பது, கேட்டுக் கொடுப்பதைவிடக் கடினம் என்பது என் கருத்து. ‘சுலபம்’ என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நம் மாணவர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் குட்டிகளைத் தூக்கி வருகிறார்கள். பெண்பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும். ஆண்டிறுதியில் வீட்டுச் சாவியை உரிமையாளரிடம் கொடுக்கும்போது தாயும் குட்டிகளும் மறுபடி உணவகத்தின் பின்புறம். நம் பட்டப்படிப்பு மூன்று, நான்கு ஆண்டு. வீட்டில் வளரும் பூனை பதினைந்து ஆண்டுகூட இருக்கும். தூக்கி வரும் நாளிலேயே விடுமுறைக்கு யார், கருத்தடைச் செலவுக்கு யார், கடைசியில் யார் வீட்டுக்கு என்று பேசி முடிக்காதவர்கள் அதை அங்கேயே விட்டுச் சோறு மட்டும் வைக்கலாம். இப்படிச் சொல்வதால் என் தோழிகள் இருவர் என்னோடு வாதாடியிருக்கிறார்கள்.

நாங்களும் அன்று எதையும் பேசவில்லை. இந்தத் தவணையோடு வீட்டைக் காலி செய்கிறேன். “நாய் இருக்கிற வீட்டுக்குப் பூனையா?” என்று அம்மா இரண்டு மாதமாக மறுத்துக்கொண்டிருந்தார். முதலில் ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். போன வெள்ளிக்கிழமை பூனை படுக்கும் பழைய துண்டை ஒரு பையில் கட்டிப் பேருந்தில் எடுத்துப் போனேன். நாய் அதை நெடுநேரம் முகர்ந்தது. பிறகு அதன்மேலேயே படுத்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துண்டைத் திரும்பவும் கேட்கவில்லை.