ஹைலிஃப்ட் ஜக் வேணுமா? முதலில மண்வெட்டியை எடுங்கோ

பழைய மிற்சுபிசி ஜீப் ஒண்டோ லேண்ட் ரோவர் ஒண்டோ வாங்கி, பெயின்ற் அடிச்சு, பெரிய டயர் போட்டு, காடு குளம் எண்டு திரியிற ஆசை எங்கட வயசுக்காரர் கனபேருக்கு இருக்கு. அதில் தப்பில்லை. ஆனால் இந்த அலங்கார வரிசையில் கடைசியாக வந்து சேரும் ஒரு சாமானைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். பொனட்டுக்கு மேலேயோ பின்கதவிலேயோ பூட்டியிருக்கும் அந்த நெடிய இரும்பு. ஹைலிஃப்ட் ஜக்.

இது முதலில் ஜீப்புக்காகச் செய்யப்பட்ட சாமான் இல்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் புளூம்ஃபீல்ட் என்ற சிறிய ஊரில் 1905 முதல் செய்யப்படுகிறது. வேலிக்கட்டை பிடுங்க, கம்பி இழுக்க, வண்டில் தூக்க எண்டு பண்ணைக்காரர் பாவித்தது. அதனால்தான் அங்கே அதைப் பண்ணை ஜக் என்கிறார்கள். துளைகள் போட்ட ஒரு நிமிர்ந்த சட்டம், அந்தத் துளைகளில் மாறி மாறி ஏறும் இரண்டு ஊசிகள், ஒரு நீளக் கைபிடி. அவ்வளவுதான். ஒயில் இல்லை, சீல் இல்லை. 48 அங்குல ஜக் கிட்டத்தட்ட 13 கிலோ பாரம். கம்பனி சொல்லும் தூக்கு எல்லை 4,660 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 2,100 கிலோ.

இதன் நல்ல பக்கத்தை மறைக்கத் தேவையில்லை. வயிறு தரையில் முட்டும்வரை ஜீப் சேற்றில் தாண்டுபோனால், அடியில் போத்தல் ஜக் வைக்க இடமே இருக்காது. அப்போது பம்பரில் பிடித்துத் தூக்க இதால்தான் முடியும். சங்கிலி போட்டால், மெதுவாக என்றாலும், வின்ச் போல இழுக்கும். டயரை றிம்மிலிருந்து கழற்றவும் உதவும். ஒரே சாமானில் இத்தனை வேலை என்றால் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் எங்கட பக்கத்தில் வாகனம் புதைகிற இடங்களை நினைத்துப் பாருங்கள். மணற்காட்டு மணல். மாரியில் வன்னியின் உள்வீதிச் சேறு. இந்த ஜக்கின் அடித்தட்டு ஒரு செங்கல்லின் அளவுதான். கீழே தடித்த பலகை வைக்காவிட்டால், ஜீப் மேலே வருவதற்கு முதல் ஜக் கீழே போய்விடும். அடுத்தது, இது தூக்குவது பொடியை, சில்லை அல்ல. பொடி உயர உயர ஸ்பிரிங் விரிந்துகொண்டே போகும். சில்லு மண்ணை விட்டுக் கிளம்பும்போது முழு வாகனமும் ஒற்றைச் சட்டத்தில் ஆடிக்கொண்டு நிற்கும். அக்சிலுக்குக் கீழே வைக்கிற போத்தல் ஜக்குக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

எங்கே கொளுவுவது என்பதும் கேள்வி. பழைய லேண்ட் ரோவருக்கு முன்னால் தட்டையான இரும்புப் பம்பர் இருக்கிறது, சரி. பிராடோ, மொன்டேரோ மாதிரி வாகனங்களில் வெளியே தெரிவது பிளாஸ்டிக். அதில் கொளுவினால் உடைகிறது பம்பர் மட்டுமல்ல. வாகனம் வழுக்கி ஆளுக்கு மேலேயும் விழலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து கைபிடிதான். தூக்கும்போது ஊசி துளையில் விழுவதற்கு முதல் கை வழுக்கினால், முழுப் பாரமும் கைபிடியை மேலே எறியும். இறக்கும்போது இன்னும் மோசம். ஒவ்வொரு துளைக்கும் பாரம் கைபிடியை மேலே தள்ளும். விட்டால் அது தானே மேலும் கீழும் அடிக்கத் தொடங்கும். தாடை, பல்லு, விரல் எல்லாம் அந்த வழியில்தான் இருக்கும். ஆஸ்பத்திரி இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற இடத்தில் இது விளையாட்டில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படத்துக்கு வடிவாக இருக்கும் எண்டு வெளியே பூட்டி வைக்கிற ஜக்தான் தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யாது. மழையும் புழுதியும் அந்தச் சின்ன ஊசிகளுக்குள் போய் இறுகிவிடும். துடைத்து, ஒயில் விட்டு, உறை போட்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் அது உதவும்.

அப்ப என்னத்தைக் கொண்டு போறது? முதலில் டயர்க் காற்றை அளக்கிற கேஜ். மணலில் காற்றை 15 தொடக்கம் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினாலே பல வாகனங்கள் ஜக் இல்லாமல் வெளியே வந்துவிடும். டயர் நீண்டு பதிந்து பாரத்தைப் பரப்புவதுதான் காரணம். தார் றோட்டுக்கு ஏற முதல் திரும்ப அடிக்க ஒரு சின்னக் கொம்பிறசர் வேண்டும். பிறகு ஒரு மண்வெட்டி, இரண்டு தடித்த பலகை, ஒரு நல்ல போத்தல் ஜக். முடிந்தால் கூட ஒரு வாகனமும் இழுவைப் பட்டியும். வயலில் மெசின் தாண்டால் எங்கட விவசாயிகள் சில்லுக்குக் குறுக்கே கட்டை கட்டி வெளியே எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வாகனத்தை உயர்த்தப் பார்ப்பதில்லை, சில்லுக்குப் பிடிப்புக் கொடுக்கிறார்கள். யோசனை அதுதான்.

எங்கட கருத்து இதுதான். இரும்புப் பம்பர் அல்லது உறுதியான ஜக் பொயின்ற் உள்ள வாகனம், கீழே வைக்கப் பலகை, வீட்டு முற்றத்தில் பத்துத் தரமாவது தூக்கி இறக்கிப் பழகிய ஒருவர். இந்த மூன்றும் இருந்தால் ஹைலிஃப்ட் ஜக்கைக் கொண்டு போங்கள். பாவிக்கும்போது மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். கைபிடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். பாவிக்காத நேரம் கைபிடி சட்டத்தோடு நிமிர்ந்து நிற்கட்டும். வாகனத்துக்குக் கீழே ஒருவரும் போகக் கூடாது.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தக் காசுக்குக் கொம்பிறசரும் மண்வெட்டியும் வாங்குங்கள். படத்தில் மண்வெட்டி அவ்வளவு எடுப்பாக இராதுதான். பரவாயில்லை, பொழுதுபட முதல் எல்லாரும் வீடு வந்து சேர்ந்தால் போதும்.