மருத்துவம் கிடைக்காவிட்டால் "சும்மா சிவில்"?

எஸ்.பி.எம். முடிவு வந்த அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தகப்பனார் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். "பிரதர், இவனுக்கு டாக்டருக்குப் படிக்க மார்க் பத்தாது. சும்மா சிவில் எடுக்கட்டும்னு பார்க்கிறேன். நீங்க அந்த லைன்லதானே, என்ன சொல்றீங்க?" மகன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மா" என்ற அந்தச் சொல் என் மனதை உறுத்தியது. நம் வீடுகளில் மருத்துவமும் சட்டமும் முதல் வரிசை. மற்றதெல்லாம் ஆறுதல் பரிசு. இந்த எண்ணம் தவறு என்றே சொல்வேன்.

வாலிபர்களே, நீங்கள் பிறப்பதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1993 டிசம்பர் 11ஆம் தேதி, உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். பின்னாலிருந்த மலைச்சரிவில் மழைநீர் வடிய சரியான வழியில்லை; மண்ணைத் தாங்கவேண்டிய சுவர்கள் தாங்கவில்லை. 2000ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் பொறுப்பாளிகள் என்று தீர்த்தவர்களில் அதன் பொறியியலாளரும் ஒருவர். மருத்துவர் தவறினால் ஒரு நோயாளிக்கு ஆபத்து. பொறியியலாளர் தவறினால் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு தெருவுக்கே ஆபத்து. புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், இல்லையேல் விழுகிறவனின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22இல் மோசே சொல்லியிருப்பதை நாம் வாசித்திருக்கிறோம். அப்படிப்பட்ட வேலைக்குச் "சும்மா" யாரும் போகக்கூடாது.

சரி, விருப்பமுள்ள பிள்ளைக்கு வழி என்ன? கூடுதல் கணிதமும் இயற்பியலும் வேண்டும். அவற்றில் சுவை இருந்தால் இன்னும் நல்லது. எஸ்.பி.எம். முடித்து ஓராண்டு மெட்ரிகுலேஷன் போகலாம். அல்லது மூன்று தவணை எஸ்.டி.பி.எம். படிக்கலாம், அல்லது அடித்தளக் கல்வி. அதன்பின் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. இன்னொரு வழி, அரசாங்க பாலிடெக்னிக்கில் டிப்ளோமா. அங்கே நன்றாகச் செய்தவர்கள் பிறகு பட்டப்படிப்புக்கும் போகிறார்கள். என்னோடு வேலை செய்த சிறந்த சைட் பொறியியலாளர்களில் சிலர் டிப்ளோமா வழியாக வந்தவர்களே. "டிப்ளோமாவா?" என்று முகம் சுளிக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இ.பி.எஃப். பணத்தை எடுத்து, மீதிக்குக் கடன் வாங்கி, மகளை ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தது. படிப்பின் பெயரில் "சிவில்" இருந்தது. அது போதும் என்று நினைத்தார்கள். பட்டம் வாங்கிய பிறகுதான், அந்தப் பட்டத்தைக் கொண்டு மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிய முடியாது என்று தெரிந்தது. அந்தப் பிள்ளை அழுததை நான் பார்த்தேன்.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் ஈ.ஏ.சி. எனப்படும் பொறியியல் அங்கீகார மன்றத்தின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா, எந்த ஆண்டுவரை இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். கல்லூரி முகவர் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம். "பொறியியல்" என்பதும் "பொறியியல் தொழில்நுட்பம்" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது தாழ்ந்ததல்ல, அதற்குத் தனி வாரியமும் "டிஎஸ்." என்ற தகுதியும் உண்டு. ஆனால் அது வேறு பாதை. தெரிந்து தேர்ந்தெடுங்கள்.

அங்கீகாரம் பெற்ற பட்டத்தோடு வாரியத்தில் பதிந்து, குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் பெற்று, தேர்விலும் தேறினால் "ஐஆர்." என்ற தகுதி கிடைக்கும். மலேசியா 2009 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையில் உறுப்பு நாடு. அதனால் அந்தப் பட்டத்தை ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளும் மதிக்கின்றன. ஆனாலும் அங்கே தொழில் செய்ய அந்தந்த நாட்டின் பதிவு வேண்டும்.

வேலை? ஆலோசனை நிறுவனங்கள், குத்தகை நிறுவனங்கள், பொதுப்பணித் துறை, வடிகால் நீர்ப்பாசனத் துறை, நகராண்மைக் கழகங்கள், ரயில் திட்டங்கள். ஆனால் உண்மையையும் சொல்லவேண்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. வெயிலும் சேறும் உண்டு. 1997இல் பொருளாதாரம் சரிந்தபோது திட்டங்கள் நின்று, பலர் வேலை இழந்தார்கள். இதை அறிந்தும் வருகிறவனே நிலைப்பான்.

இந்த நாட்டின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட்வரை ஓடியது. அதன்பின் வந்த ரயில் பாதைகளிலும் சாலைகளிலும் நம் தாத்தாக்கள் கல் சுமந்தார்கள், மண் வெட்டினார்கள். வரைபடத்தில் கையெழுத்துப் போடும் இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு இன்று அந்த இடம் திறந்திருக்கிறது. அதை ஆறுதல் பரிசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று நான் தகப்பனாருக்குப் பதில் சொல்லாமல், பையனிடம் "உனக்கு என்னப்பா பிடிக்கும்?" என்று கேட்டேன். "ஃபிசிக்ஸ் பிடிக்கும் அங்கிள். வெள்ளம் வந்தப்போ எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. ஏன் டிரெயின் வேலை செய்யலன்னு யோசிச்சிருக்கேன். யாரும் கேட்டதில்ல" என்றான்.

தகப்பனார் மகனைத் திரும்பிப் பார்த்தார். பெற்றோரே, மார்க்கைக் கேட்பதற்கு முன் நீங்களும் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.