நால்வர் மேசையில் நகல் சீட்டு

ஆகுர்டியில் ஆராய்ச்சி மாணவர்கள் தங்கும் அறைகளில் ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆடுவோரிடையே ஒரு வழக்கு ஓயாமல் நடக்கிறது. விலைகொடுத்து வாங்காத சீட்டைக் காகிதத்தில் அச்சிட்டு, உறையிலிட்டு ஆடலாமா? அது ஏமாற்று என்கிறது ஒரு தரப்பு. அப்படி ஆட இசைவதே நேர்மை என்பது என் தரப்பு. பணமில்லாதவர்மீது கொண்ட இரக்கத்தால் இதைச் சொல்லவில்லை. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தின் கணக்கே இந்த முடிவுக்குக் கொண்டுசெல்கிறது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி, 1993இல் வெளிவந்தது இது. ஆடுபவர் ஒரு மந்திரவாதி. அவருடைய மந்திரங்களும் விலங்குகளும் வீரர்களும் சீட்டுகளில் இருக்கின்றன. பொதுக்கட்டு கிடையாது. பல்லாயிரம் சீட்டுகளிலிருந்து தத்தம் கட்டைத் தாமே தொகுத்துக்கொண்டு வர வேண்டும். இருவர் ஆடும் வழக்கமான வடிவில் ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி, குறைந்தது 60 சீட்டு. இன்று பெருவழக்காகிவிட்ட ‘கமாண்டர்’ வடிவில் பொதுவாக நால்வர் அமர்வர். ஆளுக்கு 40 புள்ளி, 100 சீட்டு. அடிப்படை நிலச் சீட்டுகள் தவிர எதுவும் ஒரு கட்டில் ஒன்றுக்கு மேல் இருக்கலாகாது.

கட்டுகளை மூவகையாகப் பிரிப்பது மரபு. தொடக்கத்திலேயே பாய்ந்து அடிப்பது வேகக் கட்டு. எதிரியின் நகர்வுகளை ஒவ்வொன்றாக முறித்துப் பொறுமையாக வெல்வது தடுப்புக் கட்டு. குறிப்பிட்ட இரண்டு மூன்று சீட்டுகள் கைகூடியவுடன் ஆட்டத்தையே முடித்துவிடுவது ‘காம்போ’ கட்டு. இருவர் ஆட்டத்தில் இவை ஒன்றையொன்று மட்டுப்படுத்துகின்றன. நால்வர் அமர்ந்ததும் அந்தச் சமநிலை குலைகிறது. வேகக் கட்டு முன்பு 20 புள்ளியைக் கரைத்தால் போதும். இப்போது மூவருடைய 120 புள்ளியைக் கரைக்க வேண்டும். தொடக்கத்தில் கையில் இருப்பதோ அதே ஏழு சீட்டுதான். தடுப்புக் கட்டின் நிலையும் இரங்கத்தக்கது. இருவர் ஆட்டத்தில் என் ஒரு சீட்டால் உங்கள் ஒரு சீட்டை அழித்தால் கணக்கு நேராகிவிடும். நால்வர் ஆட்டத்தில் நாம் இருவரும் ஆளுக்கொன்று இழக்க, வேடிக்கை பார்த்த மற்ற இருவரும் செலவின்றி முன்னேறுகிறார்கள். காம்போவுக்கு மட்டும் எதிரிகளின் எண்ணிக்கை பெரிய பொருட்டாவதில்லை. ஒருவரை வீழ்த்தும் சேர்க்கை பெரும்பாலும் மூவரையும் ஒருசேர வீழ்த்திவிடும்.

இந்தச் சாய்வை ஓரளவு நிமிர்த்துவது மேசையின் அரசியல். வலியவராகத் தெரிபவர்மீது மற்ற மூவரும் திரும்புவர். ஆட்டக் கோட்பாட்டில் மூவர் துப்பாக்கிச் சண்டை என்றொரு புதிர் உண்டு. குறிபார்ப்பதில் மிகப் பலவீனமானவர் தம் முதல் குண்டை வானத்தை நோக்கிச் சுடுவதே பல நேரங்களில் சிறந்த உத்தி. வல்லவர் இருவரும் முதலில் ஒருவரையொருவர் தீர்த்துக்கொள்ள முனைவர். கமாண்டர் மேசையிலும் பதுங்கத் தெரிந்தவரே நெடுநேரம் நிலைக்கிறார்.

ஆனால் கூட்டணி அமைய அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை விலைகொடுத்து வாங்கிய வேகம் பறித்துவிடுகிறது. ‘மானா கிரிப்ட்’ என்ற சீட்டை எச்செலவும் இன்றி முதல் சுற்றிலேயே இறக்கலாம். மந்திரம் செலுத்தும் ஆற்றலான மானாவைச் சுற்றுக்கு இரண்டு தரும். அது நூறு டாலருக்கு மேல் விற்றது. அதையும் ‘ஜுவல்டு லோட்டஸ்’ முதலிய வேறு சில சீட்டுகளையும் செப்டம்பர் 2024இல் கமாண்டர் விதிக்குழு தடைசெய்தது. எதிர்ப்பு வெடித்தது. எதிர்த்தோரில் பலர் கையிலிருந்த சீட்டின் விலை சரிந்ததைப் பற்றித்தான் பேசினர். குழுவினருக்கு மிரட்டல்கள் வந்தன. அதே மாத இறுதியில் வடிவத்தின் பொறுப்பு, ஆட்டத்தை வெளியிடும் ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனத்திடம் போனது. பிப்ரவரி 2025இல் அது கட்டுகளின் வலிமையை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறையைச் சோதனையாக அறிவித்தது. ஆடத் தொடங்குமுன் நால்வரும் எந்த நிலையில் ஆடுவது என்று பேசி ஒத்துக்கொள்வதே அதன் சாரம்.

இதே மகாராஷ்டிரத்தில், சாவந்தவாடியில் கையால் தீட்டப்படும் வட்ட வடிவ தசாவதார கஞ்சிஃபாவை இதனோடு ஒப்பிடலாம். பத்து அவதாரங்களுக்கும் பன்னிரண்டு வீதம் 120 சீட்டு. மூவர் ஆடினால் ஆளுக்கு 40. அதிலும் கை நன்றாகவோ மோசமாகவோ அமையலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே கட்டிலிருந்துதான் பங்கு வருகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளை என்பதால் மச்சாவதாரத்தின் அரசன் அவர் கைக்குப் போவதில்லை. கமாண்டரில் ஏற்றத்தாழ்வு முதல் சீட்டு இறங்குமுன், கடையிலேயே தொடங்கிவிடுகிறது.

நகல் சீட்டுக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு: எல்லாச் சீட்டும் எல்லோருக்கும் எட்டினால் அனைவரும் அதே மிகவலிய காம்போவைத்தான் கட்டுவர்; ஆட்டத்தின் பன்மை அழியும். அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குப் பணத்தை வேலியாக வைப்பது தவறு. அந்த வேலி பணமில்லாதவரை மட்டுமே தடுக்கும். பணமுள்ளவர் இன்றும் அதே காம்போவைக் கட்டிக்கொண்டுதான் வருகிறார். பன்மையைக் காப்பது முன்கூட்டிய உடன்பாடு. அது நால்வரையும் ஒருபோலக் கட்டுப்படுத்தும்.

உரிமையாளருக்கு இழப்பு என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. அசலென்று சொல்லிப் போலியை விற்பது மோசடி. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற போட்டிகளுக்கு அசல் சீட்டே வேண்டும். அந்த விதியும் நிற்கட்டும். சொந்த உபயோகத்துக்கு, விற்பனை நோக்கமின்றிச் செய்துகொள்ளும் சோதனைச் சீட்டுகளைத் தாம் கண்காணிக்க விரும்பவில்லை என்று அந்நிறுவனமே 2016இல் தெரிவித்திருக்கிறது. விடுதி அறை மேசை இந்த வகையைச் சேர்ந்தது.

ஆகவே மாணவர் மேசைகளுக்கு மூன்று விதிகளை முன்மொழிகிறேன். நகல், சீட்டின் பெயரும் விதியும் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். கட்டின் வலிமை நிலையை ஒவ்வொருவரும் முன்னரே சொல்ல வேண்டும். அசல் சீட்டு வைத்திருப்பவருக்கும் அந்த நிலையின் வரம்பு பொருந்த வேண்டும். மூன்றாவதை ஏற்கத் தயங்குபவர் தம் எதிர்ப்பு நகலுக்கா, சமநிலைக்கா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.