கோடிட்ட இடங்கள்

எங்க தெருவில் பி.எட். பாடப்புத்தகத்தை யாரும் தனியாகப் படித்து நான் பார்த்ததில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒருத்தி வாசிப்பாள். மற்றவர்கள் பட்டாசுக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்பார்கள்.

தொலைநிலைப் பாடம் எழுதுகிறவர்கள் மனதில் ஒரு மாணவர் இருக்கிறார். அவருக்கு மேசை உண்டு, தனி அறை உண்டு. அவரை ‘நீங்கள்’ என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, பதிலுக்கு நாலு கோடு போட்டு வைக்கிறார்கள். எங்க தெருப் புத்தகங்களில் அந்தக் கோடுகள் காலி. பதில் தெரியாமல் இல்லை. அடுத்த வருசம் இன்னொருத்தி கைக்குப் போகணும்.

‘தபால்ல நீச்சல் கத்துக்க முடியுமா சார்?’ என்று வங்கியில் பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். ஊர்க் கிணற்றில் எங்களை எப்போது ஐயா நீந்த விட்டீர்கள்?

ஒப்படைப்பைப் பார்த்து எழுதுவதும் நடக்கத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கூட இருப்பவர் துணையோடுதான் குழந்தை அடுத்த படி ஏறும் என்ற வைகோட்ஸ்கியை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, கூடிப் படித்தால் காப்பி என்பது எந்த ஊர் நியாயம்?

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும் என்றது. அதை வாசித்த அன்று பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: ‘அப்ப எனக்கு எட்டு வயசு தம்பி. குச்சி அடுக்கிக்கிட்டு இருந்தேன். ரூவாய கண்ணுல பாக்கல.’ எந்தக் கல்லூரி வகுப்பில் இந்தப் பாடம் கிடைக்கும்?

‘தரம்’ என்று ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள், தொலைநிலை பி.எட்.டை ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கென்று ஒதுக்கின. மற்றவர்கள் நேரடிக் கல்லூரிக்குப் போகணும். அங்கே ஓராண்டுப் படிப்பு 2015இலிருந்து இரண்டாண்டானது. இரண்டு வருசம் கூலி இல்லாமல் எங்க தெருவில் எந்த வீட்டில் உலை கொதிக்கும்?

ஒரே வீட்டில் அக்கா, தங்கச்சி. பட்டயப் பயிற்சி முடித்து நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்த அக்காவுக்கு இடம் கிடைத்தது. அஞ்சல்வழியில் பி.ஏ. முடித்த தங்கச்சிக்கு இல்லை. அவள் அச்சகத்தில் பாரம் மடிக்கிறாள். ஊருக்கெல்லாம் பாடப்புத்தகம் இந்த ஊரில்தானே அச்சாகிறது! அக்காவின் உளவியல் புத்தகத்தைத் தெருவுக்கு வாசித்து விளக்குகிறவளும் அவள்தான்.

போன வாரம் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். கோடுகளில் எல்லாம் பேனாவால் பதில் எழுதியிருக்கிறாள்.

‘அடுத்தவளுக்குப் போகணுமே?’ என்றேன்.

‘போகட்டும் அண்ணே. யாரு எழுதுனதுன்னு கேப்பால்ல.’