இலந்தைக்குப் பெயரிட்டவர் யார்?

திருத்தணிகை மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள் ஒன்றுக்கு ஒரு படி என்பது அன்பர்களின் கணக்கு. அங்கே வருகிறவர்கள் தணிகேசனைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த வட்டாரத்துக் குன்றுகளிலும் கரம்பு நிலங்களிலும் மண்டிக் கிடக்கும் முட்புதர்களைத் தரிசிப்பார் எவரும் இல்லை. இந்த வாரம் அந்தக் குறையைத் தீர்க்க எண்ணுகிறோம்.

இரண்டு புதர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று இலந்தை, மற்றொன்று சூரை. இலந்தையைத் தெலுங்கர் ரேகு என்பர். சூரையைப் பரிகி என்பர். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்காக நம்மவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் இலந்தை மரம் எந்த எல்லையையும் அறியாது. கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் அதே முள், அதே பழம், பெயர்தான் வேறு. ஆகவே உலகுக்கெல்லாம் பொதுவான ஒரு பெயர் வேண்டும் என்று தாவர சாஸ்திரிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அவர்கள் செடிகளை வகுக்கும் முறையும் ரசமானது. இலந்தையிலை, சூரையிலை இரண்டிலும் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் கிளம்புவதைக் காணலாம். இந்த உறவையும் பூ, கனி இவற்றின் அமைப்பையும் பார்த்து, இரண்டையும் 'ஜிஜிபஸ்' என்ற ஒரே குடும்பப் பெயரில் சேர்த்தார்கள். பிறகு வேற்றுமை. இலந்தை நிமிர்ந்து மரமாகும். அதன் இலையின் அடிப்புறம் வெண்பஞ்சு படிந்தாற்போல் இருக்கும். சூரையோ பிற செடிகளின் மேல் தொற்றிப் படரும், முள் வளைந்தது, பழம் சிறியது, பழுத்தால் கறுத்து மின்னும். நம் ஆடு மேய்க்கும் சிறுவர்களும் இவ்வேற்றுமைகளைக் கொண்டே இரண்டையும் பிரித்தறிகிறார்கள். சாஸ்திரம் வேறு, கண்ணறிவு வேறு என்று எண்ணுவது தவறு.

இனிப் பெயரிட்ட கதை. சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலே செடிப் பெயர்களுக்கெல்லாம் ஆதி. 1768-இல் மில்லர் என்ற ஆங்கிலேயர் 'ஜுஜுபா' என்ற பெயரைச் சீன இலந்தைக்கு வழங்கினார். 1789-இல் பிரெஞ்சுக்காரரான லமார்க் அதே பெயரை நம் இலந்தைக்கும் சூட்டினார். நம் நாட்டுத் தாவர நூல்களும் வெகுகாலம் அப்படியே எழுதின. ஒரு பெயர் இரண்டு இனங்களுக்கு ஆகாது, முந்தியதே நிற்கும் என்பது சட்டம். லமார்க் அதே ஆண்டில் மொரீஷியஸ் தீவுச் செடி ஒன்றுக்கு 'மொரீஷியானா' என்று பெயரிட்டிருந்தார். அதுவும் நம் இலந்தையும் ஒன்றே என்று கண்டார்கள். ஆகவே தை மாதத்தில் நம் சந்தையில் குவியும் பழத்துக்கு இன்று கடல் கடந்த தீவின் பெயர்!

இதைக் கண்டு கோபிப்பதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். சட்டம் இல்லாவிட்டால் குழப்பத்துக்கு எல்லை இராது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சிறுமணிகள் திரண்டாற்போன்ற பழம் தரும் 'ரூபஸ்' என்ற முட்புதர் இனங்கள் உண்டு. அவற்றின் ஐரோப்பிய உறவினர் பல, மகரந்தச் சேர்க்கையால் கருவுறாமலே விதை கொடுப்பவை. அதனால் தாயின் சிறு அடையாளங்களெல்லாம் மாறாமல் பரம்பரையாக நிலைத்துவிடுகின்றன. பிரிட்டனில் மட்டும் 300-க்கு மேற்பட்ட இனங்களாக அவற்றைப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி பெயர் சூட்டினால் என்ன ஆகும்?

ஆயினும் சட்டம் கல்லில் எழுதியதன்று. 2024-இல் மாட்ரிட் நகரில் கூடிய தாவர சாஸ்திரிகள், ஆப்பிரிக்க மக்களை இழிவு செய்யும் 'காஃப்ரா' என்ற சொல்லை 'ஆஃப்ரா' என்று மாற்றத் தீர்மானித்தார்கள். நம் முருங்கையோ முன்னமே 'மொரிங்கா' என்று உலகமெங்கும் தமிழ் பேசுகிறது. ராபர்ட் வைட் தம் நூல்களுக்குச் சித்திரம் எழுதித் தந்த நம் நாட்டு ஓவியர் கோவிந்துவின் பெயரால் 1853-இல் 'கோவிந்தூயியா' என்று ஓர் ஆர்க்கிட் பேரினத்தையே அமைத்தார். அவ்வினம் முன்பே வேறு பெயர் பெற்றிருந்த ஒன்றில் அடங்குவதாகக் கண்டதால் அப்பெயர் வழக்கொழிந்தது. பெருமைக்காகச் சட்டம் வளையவில்லை.

ஆகவே மொரீஷியானாவை எண்ணி நாம் வருந்த வேண்டியதில்லை. வருந்த வேண்டியது வேறு. லத்தீன் பெயரைக் காக்க நூல்களும் சபைகளும் இருக்கின்றன. சூரை என்ற சொல்லைக் காக்க நம் வாயைத் தவிர வேறு காவல் இல்லை. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொன்ன கபிலர் பிறந்த மொழியில், வேலியோரத்துச் செடியைக் குழந்தை சுட்டிக் கேட்டால் "ஏதோ முட்செடி" என்று விடை சொல்லும் பெற்றோர் பெருகிவருகிறார்கள். பெயர் போனால் அதைப் பற்றிய அறிவும் கூடவே போகும்.

அடுத்த முறை தணிகைக்குச் செல்லும் நேயர்கள் அரைமணி நேரத்தை அந்தப் புதர்களுக்கும் ஒதுக்குவார்களாக. அங்கே ஆடு மேய்க்கும் கிழவரை ஐயா என்றழைத்துப் பெயர் கேளுங்கள். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று இரண்டும் சொல்வார். இரண்டையும் குழந்தைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள்.