கன்சோலின் உண்மையான விலை

கேம் கன்சோல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களைத்தான் பார்க்கிறார்கள்: கணக்கிடும் வேகம் எத்தனை டெராஃப்ளாப்ஸ், என்ன விலை? சோனியின் பிளேஸ்டேஷன் 5-க்கு 10.28, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 12. 2020 நவம்பரில் இரண்டும் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தன. எக்ஸ்பாக்ஸ்தான் லாபம் என்று இந்தக் கணக்கு சொல்லும். இது எவ்வளவு அரைகுறையான கணக்கு என்பது 2006-லேயே தெரிந்துவிட்டது.

அந்த ஆண்டு நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3-இன் பெருமை, சோனியும் தோஷிபாவும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய ‘செல்’ பிராசசர். ஒரு முதன்மை கோர், துணைக்கு எட்டுச் சிறு கோர்கள். எட்டில் ஒன்று பழுதானாலும் சிப்பை வீணாக்காமல் பயன்படுத்தலாம் என்பதற்காக, எல்லாச் சிப்களிலும் ஒன்றை அணைத்தே வைத்தார்கள். இன்னொன்றை இயங்குதளம் எடுத்துக்கொண்டது. கேமுக்கு மிஞ்சியவை ஆறு. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம்தான். அதற்குள் எந்தத் தரவு எப்போது வர வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்பதையெல்லாம் புரோகிராமரே எழுத வேண்டும். ஓராண்டு முந்தி வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இல் ஒரே மாதிரியான மூன்று கோர்கள், பொதுவில் 512 மெகாபைட் நினைவகம். சோனியிலும் மொத்தம் அதே 512தான், ஆனால் பிராசசருக்குப் பாதி, கிராஃபிக்ஸுக்குப் பாதி என்று பிரிந்து கிடந்தது. அதனால், இரண்டுக்கும் வெளியான பல கேம்கள் எக்ஸ்பாக்ஸில்தான் சீராக ஓடின; 2009-இல் வந்த ‘பேயோனெட்டா’ அதற்குப் பேர்போன உதாரணம். செல்லின் பலம் என்ன என்பதை அதே ஆண்டில் ‘அன்சார்ட்டட் 2’ காட்டியது. அதைச் செய்தது சோனியின் சொந்த ஸ்டுடியோ. இயந்திரத்தில் இருக்கும் பலம் வேறு, கேம் செய்பவர் கைக்கு எட்டும் பலம் வேறு. ஆடுபவருக்குக் கிடைப்பது இரண்டாவதுதான்.

விலையிலும் இதே கதைதான். பிளேஸ்டேஷன் 3-இன் 60 ஜிபி மாடல் 599 டாலர். ஹார்டு டிஸ்குடன் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 399 டாலர். 200 டாலர் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த எக்ஸ்பாக்ஸில் வைஃபை இல்லை. அடாப்டருக்குத் தனியாக 100 டாலர். ஆன்லைனில் ஆட ஆண்டுக்கு 50 டாலர் சந்தா. சோனியில் அது இலவசம். போதாததற்கு, தனி ப்ளூ-ரே பிளேயர் 1,000 டாலருக்கு விற்ற ஆண்டில் சோனி அதைக் கன்சோலுக்குள்ளேயே வைத்தது. ப்ளூ-ரேக்குப் போட்டியாக மைக்ரோசாஃப்ட் 199 டாலருக்குத் தனியாக விற்ற ஹெச்டி டிவிடி டிரைவோ, அந்த வடிவமே 2008-இல் கைவிடப்பட்டதும் பயனற்றுப் போனது. ஆன்லைன் ஆட்டமும் படமும் வேண்டியவருக்கு பிளேஸ்டேஷன் 3 மலிவு. தனியாக உட்கார்ந்து கேம் மட்டும் ஆடுபவருக்கு எக்ஸ்பாக்ஸ் மலிவு, பழுதாகாமல் இருந்தால். பழுது அந்த அளவுக்குப் பரவலாக இருந்ததால் 2007-இல் உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, அதற்காக மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது.

இருவரையும் விற்பனையில் முந்தியது, ஹெச்டி படமே காட்டாத, 250 டாலர் நின்டெண்டோ வீ: 10 கோடிக்கு மேல். அதனால் பலமே தேவையில்லை என்று வாதிடுவதை நான் ஏற்கவில்லை. அடுத்து வந்த, போட்டியாளர்களைவிடப் பலம் குறைந்த வீ யூ 1.4 கோடியைக்கூடத் தொடவில்லை.

இன்று சோனியும் சந்தா கேட்கிறது. அமெரிக்காவில் 2023 செப்டம்பரில் அது ஆண்டுக்கு 80 டாலர் ஆனது. ஏழாண்டு கட்டினால் 560 டாலர், கன்சோலின் தொடக்க விலையைவிட அதிகம். இந்தியாவில் 2021-இல் டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 49,990 ரூபாய்க்கும், இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990 ரூபாய்க்கும் வந்தன. அப்போது சோனியின் புதிய பெரிய கேம் ஒன்றே 4,999 ரூபாய். அந்த டிஜிட்டல் மாடலில் வாங்கிய கேமை விற்கவும் முடியாது, யாரிடமும் பழைய டிஸ்க் வாங்கவும் முடியாது. ஆடி முடித்ததைப் பாதி விலைக்கு விற்கும் வழக்கம் உள்ளவருக்கு, டிரைவுக்குக் கூடுதலாகக் கொடுத்த 10,000 ரூபாய் நான்கு கேம்களில் திரும்பிவிடும்.