பால்குடச் சீட்டில் இந்த வருஷம் குழப்பம் வரக்கூடாது

 

போன தைப்பூசத்துக்கு ஒரே பால்குட எண் இரண்டு பேருக்குப் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். 48 நாள் விரதம் இருந்து விடியற்காலையில் வந்து நின்ற ஒரு அக்காவுக்குப் பட்டியலில் பேரே இல்லை. அவங்க ஒன்றும் சொல்லவில்லை, கண் மட்டும் கலங்கிடுச்சு. தொண்டர்கள் நாங்கள் மறுபடியும் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறோம்.

தப்பு கவுண்டரில் உட்கார்ந்த பிள்ளைகளுடையது இல்லை. ஆபிஸ் கம்ப்யூட்டரில் இருந்த அக்சஸ் ஃபைலை மண்டபத்து கவுண்டரிலும் திறக்கணும் என்று இணையத்தில் பகிரும் ஃபோல்டரில் போட்டோம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதினதும் ஃபைல் இரண்டாகிவிட்டது. ஒரே ஆபிசுக்குள் நாலு பேர் பயன்படுத்த அக்சஸ் நல்லதுதான். இணையம் வழியாக ஃபைலையே திறந்து எழுத அது செய்யப்பட்டது இல்லை.

இப்போ சிலர், "டேட்டாபேஸை நேரா இன்டர்நெட்டில் திறந்து விடுங்க" என்கிறார்கள். எங்களுக்குச் சம்மதமில்லை. உங்கள் ஐ.சி. எண், போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கு. மைஎஸ்கியூஎல் என்றால் 3306, எஸ்கியூஎல் சர்வர் என்றால் 1433 என்று அதன் கதவு எண் ஊருக்கே தெரியும். திறந்து கிடக்கும் கதவைத் தேடித் திரிபவர்கள் நிறைய பேர்.

எங்கள் கருத்து இதுதான். கருவறைக்குள் நாம் போவதில்லை. பேர், நட்சத்திரம் சொல்லித் தட்டைக் கொடுக்கிறோம். குருக்கள் உள்ளே போய் அர்ச்சனை செய்து பிரசாதம் கொண்டு வருகிறார். டேட்டாபேஸும் அப்படி சர்வரில் உள்ளேயே இருக்கட்டும். அதன் முன்னால் ஒரு சின்ன புரோகிராம் நிற்கட்டும். கவுண்டரில் இருந்து "இவர் பேருக்கு ஒரு சீட்டு" என்று எச்டிடிபிஎஸ் வழியாகக் கேட்டால், அது ஒவ்வொன்றாக வாங்கி அடுத்த எண்ணைப் பதிந்து பதில் அனுப்பும். நாம் போனில் பேங்க் கணக்கு பார்க்கும் அதே வழி, கதவு எண் 443. ஹாட்ஸ்பாட்டிலும் ஓடும். தகவல் பூட்டித்தான் போகும். லைன் அறுந்தால் அந்த ஒரு சீட்டை மறுபடி அனுப்பினால் போதும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாளம் வைத்துவிட்டால், இரண்டு தடவை போனாலும் ஒரு சீட்டுதான் பதிவாகும்.

ஆபிஸ் அக்கா பழகின அக்சஸ் திரையை மாற்ற வேண்டாம். அதிலிருந்தே இப்படிப் பேச வைக்கலாம். முழுசா புது சிஸ்டம் வாங்கி ஆலயக் காசைக் கொட்டத் தேவையில்லை.

செலவே இல்லை என்று சொல்ல மாட்டோம். சர்வர் வாடகை இருக்கு. ஒவ்வொரு தொண்டருக்கும் தனி பாஸ்வேர்ட் கொடுக்கணும், தினமும் நகல் எடுக்கணும். லைன் மொத்தமா போனால் எழுத, வேறு எண் வரிசையில் அச்சடிச்ச ரசீது புத்தகமும் பக்கத்தில் இருக்கணும்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேளுங்க. முதலில் வெள்ளிக்கிழமை அர்ச்சனைச் சீட்டுக்கு ஓட்டிப் பார்ப்போம். சரியாக வந்த பிறகு தைப்பூசத்துக்கு வைப்போம். விரதம் இருந்து வருகிற யாரும் இனி "பேர் இல்லை" என்ற வார்த்தையைக் கேட்கக்கூடாது.

முருகா சரணம்.